தம்மாமில் விஸ்கி கிடைக்குமா? கருங்கல் வாசகருக்குப் பதில்

கேள்வி: வக்கீல் சார், எனக்குக் கருங்கல் பக்கம். வயது 34. பஹ்ரைனில் ஆறு வருடம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தேன். அங்கே கடையில் முறையாக வாங்கி, வியாழக்கிழமை ராத்திரி ரூமில் இருந்து இரண்டு பெக் விஸ்கி குடிப்பேன், யாருக்கும் தொந்தரவு கிடையாது. இப்போது தம்மாமில் நல்ல சம்பளத்துக்கு வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் பயணம். சவுதியில் தடை என்று தெரியும். ஆனால் கேம்பிலேயே கிடைக்கும் என்கிறான் ஒரு நண்பன். பாலம் வழியாக பஹ்ரைனிலிருந்து ஒன்றிரண்டு குப்பி கொண்டு வரலாம் என்கிறான் இன்னொருவன். சவுதியே சீக்கிரம் கடை திறக்கப் போகிறது என்றும் பேச்சு. நான் கிறிஸ்தவன், அந்தச் சட்டம் எனக்குப் பொருந்துமா? லீவில் வந்ததிலிருந்து தினமும் கொஞ்சம் குடிக்கிறேன், அதனால்தான் இந்த யோசனையே வந்தது. உபதேசம் வேண்டாம் சார், சட்டப்படி என்ன வழி என்று மட்டும் சொல்லுங்கள். திரும்பி வரும்போது மாமாவுக்கு எத்தனை பாட்டில் கொண்டு வரலாம் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்:

தம்பி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், விளக்கம் அப்புறம். தம்மாமில் உங்கள் இக்காமாவை (சவுதியில் தங்கி வேலை பார்ப்பதற்கான அட்டை) வைத்துக்கொண்டு சட்டப்படி விஸ்கி வாங்க ஒரு வழியும் இல்லை. கிறிஸ்தவர் என்பதால் விலக்கும் இல்லை. கேம்பில் கிடைப்பதை வாங்காதீர்கள், பாலம் வழியாக ஒரு குப்பிகூடக் கொண்டு போகாதீர்கள். குடிக்கத்தான் வேண்டும் என்றால் பஹ்ரைனுக்குப் போய், அங்கேயே வாங்கி, அங்கேயே குடித்து, ஒரு ராத்திரி தங்கி, நன்றாகத் தெளிந்த பிறகு வெறுங்கையோடு திரும்புங்கள். உங்களுக்கு இருக்கிற சட்டப்படியான வழி அவ்வளவுதான்.

உபதேசம் வேண்டாம் என்கிறீர்கள், சரி. வாரம் முழுக்க வெயிலில் மொட்டைமாடிக்கும் மொட்டைமாடிக்குமாக ஏறி இறங்கி ஏ.சி. யூனிட் மாட்டிவிட்டு, வியாழக்கிழமை ராத்திரி ரூமில் இருந்து இரண்டு பெக் குடிக்கிற மனிதரை நான் தப்பாக நினைக்கவே மாட்டேன். ஆனால் தக்கலையிலும் நாகர்கோவிலிலும் 22 வருடமாக வக்கீல் தொழில் பார்க்கிறேன், நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பதால் என் மேசைக்கு வருகிற காகிதங்களில் பாதி வளைகுடா சம்பந்தப்பட்டவை, அதில் நான் கண்டது என்னவென்றால் குடியால் சிக்கியவர்களைவிடக் குப்பி வந்த வழியால் சிக்கியவர்கள்தான் அதிகம். பஹ்ரைன் கடையில் பில்லோடு வாங்கினால் அது உங்கள் சொந்த விஷயம். அதே குப்பி பாலத்தைத் தாண்டினால் கடத்தல். அதே லேபிள் ஒட்டி கேம்பில் ஒருவன் கொடுத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் எந்த நாட்டுக்குப் போகிறவர் இதைக் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான், குப்பி யார் கையிலிருந்து உங்கள் கைக்கு வருகிறது?

"நான் முஸ்லிம் இல்லை, எனக்கென்ன" என்ற நினைப்பு நம் ஆட்களில் பலருக்கு உண்டு. பஹ்ரைனிலும் துபாயிலும் இருந்தவர்களுக்கு அந்த நினைப்பு வருவது இயல்புதான், அங்கே சட்டம் அப்படிப் பிரித்துத்தான் பார்க்கிறது. சவுதி அப்படி இல்லை. அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1951-ல் ஜித்தாவில் ஒரு விருந்தில் குடித்துக்கொண்டிருந்த இளவரசர் ஒருவருக்கு இனிமேல் ஊற்ற முடியாது என்று மறுத்திருக்கிறார்கள், அந்த ஆத்திரத்தில் அவர் சுட்டதில் பிரிட்டிஷ் துணைத் தூதர் செத்துப்போனார். அதுவரை அங்கிருந்த வெளிநாட்டவர்களுக்கு ஓரளவு அனுமதி இருந்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மன்னர் அப்துல் அஜீஸ் 1952-ல் அவர்களுக்கும் சேர்த்தே தடை போட்டார். அந்தத் தடையே வெளிநாட்டவரை நினைத்துப் போட்டதுதான், அதனால் ஞானஸ்நானச் சர்டிபிகேட்டைக் காட்டி அதிலிருந்து தப்ப முடியாது.

இனி அந்தக் கடைப் பேச்சு. அதில் பாதி உண்மை. 2024 ஜனவரியில் ரியாத்தில், தூதரகங்கள் இருக்கிற பகுதியில், ஒரு கடை திறந்தார்கள். முஸ்லிம் அல்லாத தூதரக அதிகாரிகளுக்கு மட்டும், அதுவும் போனில் பதிவு செய்து, மாதத்துக்கு இவ்வளவுதான் என்ற அளவோடு. பிரீமியம் ரெசிடென்சி என்ற தனி அட்டை வைத்திருக்கும் முஸ்லிம் அல்லாத பணக்காரர்களையும் அங்கே அனுமதிப்பதாக 2025 கடைசியில் செய்திகள் வந்தன. கம்பெனி விசாவில் போகிற உங்கள் இக்காமா அந்த வகை கிடையாது. 600 சுற்றுலா இடங்களில் 2026 முதல் விற்கப் போகிறார்கள் என்று 2025 மே மாதத்தில் வாட்ஸப் முழுக்க ஒரு செய்தி ஓடியதே, அதைச் சவுதித் தரப்பே மறுத்துவிட்டது. 2034 உலகக் கோப்பைக் கால்பந்துக்குக்கூட மது கிடையாது என்று லண்டனில் இருக்கும் அவர்கள் தூதர் 2025 பிப்ரவரியில் வெளிப்படையாகச் சொன்னார். நாளைக்கு மாறினால் மாறட்டும், மாறிய பிறகு வாங்கிக்கொள்ளலாம். வதந்தியை நம்பி வாங்குகிறவர் போலீஸ் ஸ்டேஷனில் அந்த வாட்ஸப் செய்தியைக் காட்டிப் பிரயோஜனம் இல்லை.

பிடிபட்டால் என்ன ஆகும்? முன்பு கசையடி இருந்தது, 2020-ல் சவுதி உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி அதற்குப் பதில் அபராதம், சிறை என்று ஆக்கியது. ஆனால் நம்மவர்களுக்கு உண்மையான தண்டனை அதற்குப் பிறகுதான் வருகிறது. சிறையிலிருந்து வெளியே விட்டதும் கைரேகை எடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், அந்தக் கைரேகையோடு மறுபடி அந்த நாட்டுக்குள் நுழைய முடியாது. கிராஜுவிட்டி, மீதிச் சம்பளம் எல்லாம் அங்கேயே தொங்கும். இங்கே வீட்டுக்கு எடுத்த கடன் தவணையும், தங்கச்சி கல்யாணத்துக்கு அடகு வைத்த நகையும் அப்படியே நிற்கும். ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் மாட்டினால் அவர் கம்பெனி வக்கீல் வைத்துப் பேசும். தொழிலாளி விசாவில் போன நம்ம ஆளுக்காக கபீல் (விசா கொடுத்த முதலாளி) ஸ்டேஷன் வாசல்வரைகூட வர மாட்டான், பல நேரம் அதையே சாக்காக வைத்துக் கணக்கை முடித்துவிடுவான்.

பாலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பஹ்ரைனிலிருந்து வந்த உங்களுக்கு அதுதான் பெரிய சபலமாக இருக்கும். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு எல்லை என்றால் களியக்காவிளைதான் ஞாபகம் வரும். அந்தப் பக்கம் கேரளக் கடையில் ஒரு குப்பி வாங்கி ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்து இந்தப் பக்கம் வருவதும் குற்றம்தான், அதில் மாட்டியவர்களுக்காகவும் நான் கோர்ட்டில் நின்றிருக்கிறேன், ஆனால் அபராதமோ ஜாமீனோ கொடுத்து முடிந்துவிடும், சாயங்காலம் வீட்டில் இருப்பார்கள். அந்தப் பழக்கத்தில் சவுதியையும் பஹ்ரைனையும் இணைக்கிற கிங் ஃபஹத் பாலத்தையும் இன்னொரு களியக்காவிளை என்று நினைத்துவிடுகிறார்கள். 25 கிலோமீட்டர் நீளம், 1986-ல் திறந்தது, நடுவில் செயற்கைத் தீவில் இரண்டு நாட்டுச் சுங்கமும் உட்கார்ந்திருக்கிறது. வியாழன், வெள்ளி, சனியில் சவுதிப் பக்கத்திலிருந்து எதற்காகக் கூட்டம் பஹ்ரைனுக்குப் போகிறது என்று அந்த அதிகாரிகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். வண்டியை ஸ்கேன் செய்வார்கள், மோப்ப நாய் உண்டு. நூறு முறை தப்பியவன் கதையைத்தான் உங்கள் நண்பன் சொல்கிறான், தப்பாதவன் கதை சொல்ல அங்கே இருக்க மாட்டான், நாடு கடத்தியிருப்பார்கள்.

சில வருடத்துக்கு முன்பு ஒரு அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார்கள். கடற்கரைப் பக்கத்துக் கிராமம், மகன் தம்மாமுக்குப் பக்கத்தில் இருக்கிற கோபரில் டிரைவர். மேலதிகாரி ஒருவர் பஹ்ரைனுக்கு வண்டி எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறார், திரும்பும்போது ஸ்டெப்னி வைக்கிற இடத்தில் எட்டுக் குப்பி. பையனுக்குத் தெரியுமா தெரியாதா என்று நான் கடைசிவரை கேட்கவில்லை. வண்டியை ஓட்டியவன் அவன், பிடித்தது அவனை. சொன்னவர் அன்றைக்கே தனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். "என் பிள்ளை குடிக்கவே மாட்டான் சார்" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார்கள், அது உண்மையாகவும் இருக்கலாம். ஏழு மாதம் கழித்து ஒரு துணிப்பையோடு திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினான். அதனால்தான் சொல்கிறேன், உங்களுக்காக மட்டும் இல்லை, வேறு யாருக்காகவும், எவ்வளவு பெரிய ஆள் சொன்னாலும், அந்தப் பாலத்தில் குப்பி இருக்கிற வண்டியில் ஏறாதீர்கள். வாடகைக்கு எடுத்த காராக இருந்தால் கிளம்பும் முன் டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னியைத் தூக்கி, நீங்களே ஒருமுறை பாருங்கள்.

சரி, பஹ்ரைன் போய்வருவதை முறைப்படி எப்படிச் செய்வது? சவுதியிலிருந்து வெளியே போய்த் திரும்ப எக்ஸிட் ரீ-என்ட்ரி அனுமதி வேண்டும். 2021 மார்ச்சில் வந்த மாற்றத்துக்குப் பிறகு தனியார் கம்பெனித் தொழிலாளி முதலாளி சம்மதத்துக்குக் காத்திருக்காமல் அப்ஷர் என்ற சவுதி அரசின் ஆன்லைன் தளம் மூலம் தானே விண்ணப்பிக்கலாம் (வீட்டு வேலைக்காரர்களும் வீட்டு டிரைவர்களும் இதில் வர மாட்டார்கள், நம் பக்கம் ஹவுஸ் டிரைவர் விசாவில் போகிறவர்கள் நிறைய என்பதால் சொல்கிறேன்). பஹ்ரைன் விசாவை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். பஹ்ரைனில் கடையும் ஹோட்டலும் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், குடித்த நிலையில் சவுதிக்குள் நுழைவதும் குற்றம்தான். கையில் குப்பி இல்லை, வயிற்றில்தானே இருக்கிறது என்று அதே ராத்திரி பாலம் ஏறுகிறார்கள், வாயைத் திறந்ததும் வாசனை அடிக்கிறது. விமானத்தில் குடித்துவிட்டு ரியாத்திலோ தம்மாமிலோ இறங்குவதும் இதே கணக்கில்தான் வரும். தங்குங்கள், தூங்குங்கள், மறுநாள் மத்தியானத்துக்கு மேல் பஸ்ஸில் வாருங்கள். செலவைக் கணக்குப் போட்டால் விசா, ரூம், பஸ், குப்பி எல்லாம் சேர்த்து மாதம் ஒரு தடவைக்கு மேல் போக உங்களுக்கே மனசு வராது.

கேம்ப் சரக்கு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு நிஜமாகவே பயம் தருவது இதுதான், சட்டம்கூட இதற்கு அப்புறம்தான். சவுதியில் அதற்கு சதீக்கி என்று பேர், அரபியில் 'என் நண்பன்' என்று அர்த்தம், சுருக்கி 'சித்' என்பார்கள். நம் விளவங்கோடு பக்கம் வாற்று என்று சொல்வோமே, அதே சங்கதி. சர்க்கரை, ஈஸ்ட், தண்ணீர், ஒரு பிரஷர் குக்கர், ஒரு செம்புக் குழாய். அதில் கேரமல் கலர் ஊற்றி, குப்பைத்தொட்டியில் பொறுக்கிய நல்ல கம்பெனிக் குப்பியில் நிறைத்து, விஸ்கி என்று விற்பதும் உண்டு. வாற்றியதோடு நின்றால்கூடப் பரவாயில்லை, காசுக்கு ஆசைப்பட்டு அளவைக் கூட்டுகிறவன் அதில் தொழிற்சாலைகளில் பயன்படுகிற விஷச் சாராயமான மெத்தனாலைக் கலக்கிறான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போனது அதே மெத்தனால்தான், நாம் எல்லாரும் டி.வி.யில் வரிசையாகச் சிதை எரிந்ததைப் பார்த்தோம். 2025 ஆகஸ்டில் குவைத்தில் 160 பேர் பாதிக்கப்பட்டு 23 பேர் செத்தார்கள் என்று அந்த நாட்டுச் சுகாதார அமைச்சகம் அறிவித்தது, ஐம்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு அவசரமாக டயாலிசிஸ் வைத்தார்கள், சிலருக்குப் பார்வை போனது. எல்லாரும் ஆசிய நாட்டவர். பிழைக்கப் போனவர்கள், தம்பி, உங்களைப் போல.

பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தீப்பெட்டி உரசி நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு என்பது பொய், மெத்தனாலும் மங்கலான நீலத்தில்தான் எரியும். வாசனையிலோ ருசியிலோ வித்தியாசம் பிடிபடாது. குடித்ததும் சாதாரணப் போதைதான் வரும், ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னும் ஒரு கிளாஸ் ஊற்றுவார்கள். ஈரல் அதை மெதுவாகப் பார்மிக் அமிலமாக மாற்றுகிறது, அதனால் பன்னிரண்டு மணிநேரம், சில நேரம் ஒரு நாள் கழித்துத்தான் வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு, கண்ணுக்கு முன்னால் பனி மூட்டம் போட்டது மாதிரி ஒரு வெள்ளை. அந்த வெள்ளை தெரிந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. மருந்து இருக்கிறது, டயாலிசிஸ் இருக்கிறது, நேரத்துக்குப் போனால் காப்பாற்ற முடிகிறது. போலீஸ் வரும் என்று பயந்து ரூமுக்குள் போர்வையை மூடிக்கொண்டு படுத்துவிடுகிறார்கள், சாவு அங்கேதான் நடக்கிறது. நீங்கள் குடிக்காமல் இருந்தாலும் ரூமில் இன்னொருவருக்கு இப்படி ஆனால், நாடு கடத்தினாலும் கண்ணோடு போய்ச் சேரட்டும் என்று தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கத்திலிருந்து ஈரானுக்கு மீன்பிடி லாஞ்சில் வேலைக்குப் போகிற தம்பிகளும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்கும் இதேதான். அங்கே 1979 புரட்சியிலிருந்து தடை. 2020-ல் கொரோனாவுக்குச் சாராயம் மருந்து என்று கிளம்பிய வதந்தியை நம்பி மெத்தனால் குடித்து நூற்றுக்கணக்கானோர் செத்துப்போன நாடு அது.

இன்னொன்று, கறுப்புச் சந்தையில் குப்பி விற்கிறவன் பெரும்பாலும் குப்பியோடு நிற்க மாட்டான். அவன் பையில், அவன் வண்டியில் ஹஷீஷோ மாத்திரையோ இருந்தால், நீங்கள் பணம் கொடுக்கிற நேரத்தில் போலீஸ் வந்தால், நீங்கள் விஸ்கி வாங்க வந்தவர் என்று யார் நிரூபிப்பது? சவுதியில் போதைப்பொருள் கடத்தலுக்குத் தலை போகும், 2022 நவம்பரிலிருந்து அந்த மரண தண்டனைகளை மறுபடி நிறைவேற்றிக்கொண்டிருக்கிறார்கள். "குப்பி உண்டா" என்று நீங்கள் அனுப்புகிற வாட்ஸப் மெசேஜும், போனிலிருந்து அனுப்புகிற பணமும் அவன் போனில் இருக்கும், அவன் பிடிபடுகிற நாளில் அந்தப் போனில் இருக்கிற எல்லா நம்பருக்கும் ஆள் போகும்.

கேம்ப் ரூமில் ஆறு பேர், எட்டுப் பேர் இருப்பீர்கள். சோதனைக்கு வந்தால் யார் கட்டிலுக்கு அடியில் இருந்தது என்று பார்த்துப் பிரிக்க மாட்டார்கள், ரூமோடு அள்ளிக்கொண்டு போவார்கள். அதனால் ரூம்மேட் குப்பி வைத்திருக்கிறான் என்று தெரிந்தால் சண்டை போட வேண்டாம், ரூம் மாற்றிக் கேளுங்கள். திராட்சை ஜூஸில் ஈஸ்ட் போட்டு நீங்களே வைன் வைப்பதும் வேண்டாம். குடித்ததைவிடத் தயாரித்தது பெரிய குற்றம், மூடிய பாட்டில் வெடித்துக் கண்ணாடி குத்தி மாட்டினவர்களும் உண்டு.

"துபாயில் என் மச்சான் சும்மா கடையில் வாங்குகிறானே" என்று கேட்பீர்கள். வாங்குகிறார், ஏனென்றால் அங்கே வழி இருக்கிறது. துபாயில் 21 வயது நிறைந்த, முஸ்லிம் அல்லாதவர் எமிரேட்ஸ் ஐ.டி.யைக் கொடுத்தால் லைசென்ஸ் இலவசம், 2023 ஜனவரியிலிருந்து. அப்போது நீக்கிய 30 சதவீத வரியை 2025 ஜனவரியில் திரும்பப் போட்டுவிட்டார்கள். அபுதாபியில் 2020-லேயே லைசென்ஸ் முறையை எடுத்தாகிவிட்டது. ஆனால் பக்கத்திலிருக்கும் ஷார்ஜாவில் விற்பனையே இல்லை, வாடகை குறைவென்று ஷார்ஜாவில் ரூம் எடுத்துக்கொண்டு துபாயில் வேலை பார்க்கிற நம் ஆட்கள் துபாயில் வாங்கி ஷார்ஜாவுக்குக் கொண்டுபோய்த்தான் மாட்டுகிறார்கள், துபாய் லைசென்ஸ் ஷார்ஜாவில் வெறும் அட்டை. ஓமனில் போலீஸ் தருகிற பெர்மிட் வேண்டும், அளவு சம்பளத்தைப் பொறுத்தது. கத்தாரில் கத்தார் ஏர்வேஸின் கீழ் இருக்கும் ஒரே நிறுவனம்தான் விற்கும், பெர்மிட் எடுக்கக் கம்பெனியிலிருந்து சம்பளக் கடிதம் கேட்பார்கள், வெளியிலிருந்து ஒரு குப்பி கொண்டுபோனாலும் ஏர்போர்ட்டிலேயே எடுத்து வைத்துக்கொள்வார்கள். பெர்மிட் கொடுக்கிற நாட்டில் பெர்மிட் எடுங்கள், உங்கள் பெயரில், உங்கள் அட்டையில். நண்பன் பெர்மிட்டில் வாங்கிக் குடித்தால் மறுபடி அதே பழைய சிக்கல்தான், குப்பிக்கு உங்கள் பெயரில் காகிதம் இருக்காது.

இனி நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். "லீவில் வந்ததிலிருந்து தினமும் கொஞ்சம்." தம்பி, கடிதத்தில் நான் இரண்டு தடவை படித்த வரி அது. நான் டாக்டர் இல்லை. ஆனால் தினமும் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று நிறுத்தினால் முதல் நாளே கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, இரண்டாவது நாள்வாக்கில் வலிப்பு, மூன்று நாலு நாளில் ஆளே யார் என்று தெரியாத பிதற்றல்கூட வரலாம் என்று டாக்டர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், ஒரு கட்சிக்காரருக்கு லாக்கப்பில் அப்படி ஆனதைக் கண்ணாலும் பார்த்திருக்கிறேன். தம்மாமில் புது ரூமில், புது ஆட்களுக்கு நடுவில், மூன்றாவது நாள் உங்களுக்கு நடுக்கம் வந்தால் அதை யாரிடம் சொல்வீர்கள்? அந்த நேரத்தில்தான் யாரோ நீட்டுகிற சதீக்கியை மனிதன் வாங்கிக் குடிப்பான்.

உங்களுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. இப்போதே ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போய், வெட்கப்படாமல் எவ்வளவு குடிக்கிறேன் என்று அளவோடு சொல்லுங்கள். தானாக நிறுத்தினால் போதுமா, மருந்து வேண்டுமா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14446 என்ற மத்திய அரசின் இலவச எண்ணில் முதலில் பேசிப் பாருங்கள். அவர்கள் சொல்கிறபடி நிறுத்தி, பயணத்துக்கு முன் முழுசாக மூன்று வாரம் ஒரு சொட்டு இல்லாமல் இருந்து பாருங்கள். முடிந்தால் தம்மாம் உங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை, வியாழக்கிழமை ராத்திரிக்கு வேறு ஏதாவது கிடைக்கும், சூப்பர்மார்க்கெட்டில் சாராயம் இல்லாத மால்ட் பானம் எல்லா ருசியிலும் இருக்கிறது. முடியவில்லை என்றால் தயவுசெய்து அந்த வேலைக்குக் கிளம்பாதீர்கள், அந்தச் சம்பளத்தின் மதிப்பு தெரியாமல் இதைச் சொல்லவில்லை. பஹ்ரைனிலேயோ துபாயிலேயோ கொஞ்சம் குறைந்த சம்பளத்துக்குத் தேடுங்கள், நீங்கள் ஏ.சி. மெக்கானிக், உங்களுக்கு வேலை இல்லாத வளைகுடா நாடே கிடையாது.

எல்லாவற்றையும் மீறி ஏதாவது ஆகிவிட்டால், உங்களுக்கோ கூட இருப்பவருக்கோ, அரபியில் எழுதி நீட்டுகிற தாளில் புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் கொடுங்கள் என்று கேளுங்கள், 1963 வியன்னா ஒப்பந்தப்படி அது உங்கள் உரிமை. தம்மாம் ரியாத் தூதரகத்தின் கீழ் வருகிறது. ஊரில் வீட்டுக்காரர்கள் நம் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற ஆன்லைன் போர்ட்டலில் புகார் பதிவு செய்யலாம். போகும் முன் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலையும் மனைவியிடமோ அம்மாவிடமோ கொடுத்துவிட்டுப் போங்கள். அந்தக் கடற்கரை அம்மாவிடம் மகனுடைய இக்காமா எண்கூட இல்லை, அதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்குப் பதினொரு நாள் போனது.

கடைசியாக மாமாவுக்கு. இந்தியாவுக்குள் ஒரு ஆளுக்கு 2 லிட்டர்வரை வரி இல்லாமல் கொண்டு வரலாம், அதற்கு மேல் என்றால் சுங்க வரி. தம்மாம் ஏர்போர்ட்டில் கிடைக்காது, திருவனந்தபுரத்தில் இறங்கியதும் உள்ளே இருக்கிற டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். பில்லையும் போர்டிங் பாஸையும் பாட்டில் பையிலேயே வையுங்கள், களியக்காவிளையில் யாராவது வண்டியை நிறுத்தினால் பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் காட்ட வேண்டியிருக்கும். பக்கத்துச் சீட்டில் வருகிறவர் "என் குப்பியையும் உங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.